ஒனெசிமின் செய்முறை விளக்கம்

அந்த வசந்தத்தில், பொறி வைத்து வேட்டையாடுகிறவர்களின் கூட்டத்தில், தோல்களை நல்ல பக்குவத்தில் கொண்டுவந்தவருக்கான முதல் பரிசு ஒனெசிம் மொரினுக்குக் கிடைத்தது. பரிசு ஒரு சிவப்புக் கம்பளி மேல்சட்டை. முதுகில் மஞ்சள் நூலால் 'வடக்கின் சிறந்த தோல்காரர்' என்று தைத்திருந்தார்கள். தோல் வாங்க வரும் மக்கால்மன் அதைத் தன் கையாலேயே அவனுக்கு மாட்டிவிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ஒனெசிம் இருபது நிமிடம் பேசினான். பொறிகளைப் பற்றிப் பேசினான், பனியைப் பற்றிப் பேசினான், செத்துப்போன தன் மூன்று நாய்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தான். தோல் பக்குவம் என்பது பிறவியிலேயே விரல் நுனியில் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, விரல்களை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

கடைசி வரிசையில் இருந்த அவன் மனைவி டெலிமா தன்னுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவன் பொறியில் பிடித்துக்கொண்டுவந்து போட்ட பீவர் என்ற நீர்ப்பிராணி ஒவ்வொன்றையும் உரித்து, கொழுப்பு வழித்து, பலகையில் விரித்து ஆணியடித்துக் காயவைத்தவள் அவள்தான்.

கோடை முழுவதும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலேயே ஒனெசிம் சுதாரித்திருக்க வேண்டும். அவனோ அந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனான், மீன் பிடிக்கப் போனான், விறகுகூட அதைப் போட்டுக்கொண்டுதான் வெட்டினான்.

நவம்பரில் ஏரி உறைந்தது. முதல் வேட்டையை நாய்வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் இறக்கினான்.

"கிழவி, நாலு பீவர்! ஒண்ணு மூஸ் மான் கன்னுக்குட்டி மாதிரி இருக்கு பாரு."

டெலிமா செருப்புக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கதவைச் சாத்து கிழவா. குளிர் வருது."

"உரிக்கலையா?"

"பிறவியிலேயே வந்த விரல் எதுவோ, அது உரிக்கட்டும்."

ஒனெசிம் சிரித்தான். மூன்றாம் நாள்வரை சிரித்துப் பார்த்தான். நான்காம் நாள் பீவர்களே அவனைப் பார்த்து ஒரு மாதிரி மணக்க ஆரம்பித்ததும் கத்தியைத் தேடி எடுத்தான்.

மானை உரித்த பழக்கத்தில், வட்டமாக அறுத்து எடுக்க வேண்டிய கால் நான்கையும் நீளவாக்கில் கீறிவிட்டான். தோல் கைக்கு வந்தபோது, நாலு கை வைத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. கொழுப்பு வழிப்பதற்கு அதைக் கட்டையின்மேல் போட்டான். கத்தி கொழுப்பில் வழுக்கும். வழுக்காத இடத்தில் தோலுக்குள் இறங்கும். சாயங்காலத்துக்குள் ஏழு ஓட்டை. புருவம்வரை கொழுப்பு. அவன் போகும் இடமெல்லாம் கப்பித்தான் என்ற அவர்கள் நாய் பின்னாலேயே போய் அவன் பூட்சை நக்கியது. இத்தனை வருடத்தில் அது அவன்மேல் அவ்வளவு பாசம் காட்டியதே இல்லை.

ஒருவழியாகத் தோலைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தினான். அடுத்த வீட்டு வெர்ஜினி மாவு கடன் கேட்க வந்தவள், அதன்முன் நின்று தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் டெலிமா, இது நம்ம ஏரியோட படமா? தீவெல்லாம்கூடப் போட்டிருக்கே!"

"வரைஞ்சவரைக் கேளு."

அடுத்து, கீரி மாதிரி இருக்கும் ஒரு மிங்க். காலுறையைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்றி, கூம்புப் பலகையில் மாட்டுவதுவரை தேறிவிட்டான். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. காலையில் எடுத்து லேசாக வளைத்தான். பட்டென்று இரண்டாக உடைந்தது.

"கிழவி, ஒரே ஒரு தடவை காட்டிக் குடு. நான் கத்துக்கிறேன்."

"எனக்கு என்ன தெரியும்? நான் மேல்சட்டை வாங்கினவளா?"

"சரி, தப்புதான். ஒத்துக்கிறேன்."

"இங்க அடுப்பங்கரையில ஒத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது? எங்க நின்னு சொன்னியோ, அங்கயே நின்னு மாத்திச் சொல்லு."

"அம்பது பேர் முன்னாடியா!"

"அம்பது பேருக்குத்தானே விரலைக் காட்டின?"

அதற்கு அவன் மனம் இடம் தரவில்லை. உடைந்த மிங்கைக் கொண்டுபோய் விறகுக் குவியலுக்குப் பின்னால் மறைத்துவைத்தான். கப்பித்தான் அதைக் கண்டுபிடித்து, முதலில் ஒரு பாதியையும் பிறகு மறு பாதியையும் கவ்விவந்து வாசலில் போட்டது.

ஜனவரியில் தபால் விமானத்தில் மக்கால்மனிடமிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரிக் கூட்டத்தில் திரு. மொரின் தன் கைப்பக்குவத்தை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் பார்த்துப் பழகிக்கொள்ள அது உதவும். ஒனெசிம் அதை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தான். டெலிமா வாங்கிப் படித்தாள். மாதக்கணக்கில் சிரிக்காதவள், அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கூட்டம் மிஷன் பள்ளிக்கூடத்தில். ஆண்கள் முன்வரிசைகளில் நோட்டும் பென்சிலுமாக. பெண்கள் பின்னால், தேநீர்க் கெட்டிலைச் சுற்றி. மக்கால்மன் தானே ஒரு பீவர் தோல் கொண்டுவந்திருந்தார். உரித்து மட்டும் இருந்தது. கறுப்பு கலந்த பழுப்பு. விரலை விட்டால் விரல் காணாமல் போகும் ரோமம். அதைப் பார்த்ததும் பின்வரிசையில் டெலிமா தன்னையறியாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"முதல்ல..." என்று ஒனெசிம் தொண்டையைச் செருமினான். "முதல்ல தோலோட பழகணும்."

முன்வரிசை தலையாட்டியது. பென்சில்கள் ஓடின.

"கால் ஓட்டையை என்ன பண்றது ஒனெசிம்?" என்று கேட்டார் இசிதோர். முப்பது வருடம் பொறி வைத்தவர்.

"அதுவா... அப்படியே விட்ரணும். காத்து வரணும்ல?"

"காத்து," என்று இசிதோர் எழுதிக்கொண்டார்.

பின்னால் வெர்ஜினி குடித்த தேநீர் மூக்கு வழியாக வந்தது.

"ஆணியை எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"மனசு சொல்ற இடத்துலேருந்து."

"ரோமம் பலகைப் பக்கமா, மேல் பக்கமா?"

ஒனெசிம் பின்வரிசையைப் பார்த்தான். டெலிமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல்பக்கம்," என்றான்.

பெண்கள் பக்கம் கெட்டிலே கவிழ்ந்ததுபோல் ஒரு சத்தம். ஆண்கள் திரும்பிப் பார்த்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், மேல்பக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். மக்கால்மன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயாமாரே, இவர் சொல்றது சரியா தப்பா? யாராவது சொல்லுங்க."

முன்வரிசையில் ஒவ்வொருவருக்கும் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஒனெசிம் தோலைக் கட்டையில் போட்டு, இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து, தோல் மிக மெல்லிசாக இருக்கும் வயிற்றுப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

"நிறுத்து!"

டெலிமா நாற்காலிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள்.

"அந்தத் தோல் உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு? கத்தியைக் குடு. எப்பேர்ப்பட்ட ரோமம் இது, பாவி!"

"கிழவி, நான் சொல்லிடறேன்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிற."

அவள் கத்தி ஓடிய இடத்தில் கொழுப்பு சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. ஒனெசிம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"இருபத்திரண்டு வருஷமா இவதான் செய்றா. எனக்கு ஆணிகூட நேரா அடிக்க வராது."

பிறகு இசிதோர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்லயும் அவதான்."

"எங்க வீட்லயும்."

"எங்க வீட்ல மாமியார்."

செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருடம் முழுக்கக் காத்திருந்தாலும் இரண்டு பேருக்குமேல் வராத ஊர் அது. மூலையில் நின்ற பாதிரியார் இதைக் கேட்டு ஆச்சரியத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

டெலிமா தோலை ரோமம் உள்பக்கமாகத் திருப்பி, முட்டை வடிவில் விரித்து, விரலிடை விட்டு ஆணி அடித்து முடித்தாள். கால் ஓட்டை நான்கையும் இறுக்கித் தைத்தாள். அடியில் காற்று போவதற்காகத் தோலை ஆணியில் லேசாகத் தூக்கிவிட்டாள். மக்கால்மன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மேல்சட்டை உங்களுக்குத்தான் சேரணும்," என்றார்.

"அதுவா? இவர் அதைப் போட்டுக்கிட்டு மீன் அறுத்து, அது ஊருக்கே நாறுது. எனக்கு வேண்டாம். ரெண்டு பக்கமும் பிடி வெச்ச நீளக் கத்தி ஒண்ணு அனுப்புங்க. என்னோடது தேஞ்சுபோச்சு."

அடுத்த விமானத்தில் கத்தி வந்தது. அந்தப் பருவம் முதல் மக்கால்மனின் தோல் கட்டுகளில் கட்டியிருந்த அட்டைகளில் பெண்களின் பெயர்கள் வரத் தொடங்கின. கடைசியாக ஒத்துக்கொண்டவரின் மாமியார் பெயர்கூட வந்தது. ஒனெசிமுக்கு வீட்டில் ஆணி எடுத்துக் கொடுக்கும் வேலை. முதல் வாரம் கூர்ப்பக்கமாகவே நீட்டி வசவு வாங்கினான். ஒரு மாதம் போனதும், வால் பக்கத்துக் கடைசி ஆணியை மட்டும் அவனே அடிக்கலாம் என்று டெலிமா அனுமதித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அடிப்பான். அடித்துவிட்டுச் செய்தி சொல்ல இசிதோர் வீட்டுக்கு ஓடுவான்.

அவன் வாசலைத் தாண்டியதும் டெலிமா அந்த ஆணியைப் பிடுங்கி, நேராக்கி, திரும்ப அடிப்பாள்.