இருநூற்றுப் பத்து மில்லிமீற்றர்

என் கணவர் லாபிர் மௌத்தாகி நூறு நாளாகியும் நான் அழவில்லை. எங்கள் ஊரான கண்டக்குழியில் இப்போது இதுதான் பெரிய கதை. புருஷன் இறந்து வீட்டோடு இத்தா இருக்கிறவள் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறாள் என்று, ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் வாசலைத் தாண்டும் முன்பே பேசினார்கள். எனக்குக் காது கேட்காதா என்ன? லாபிரின் உம்மா, என் மாமி மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. வழக்கப்படி அலுமாரிக் கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டுப் போனார். இத்தாவில் கண்ணாடி பார்க்கக் கூடாதாம். என் தொழிலே கண்ணாடி வடிவமைப்பதுதான்.

நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைத்து, பக்கத்தில் மங்கலாகத் தெரியும் கோளைப் படம் பிடிக்க, தொலைநோக்கிக்குள் ஒரு கருவி வைப்பார்கள். அதற்குள் போகும் கண்ணாடி ஒன்று என்னுடையது. பெரிய கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டு போல வளைந்திருக்கும். வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் இரண்டு மாதம் மெருகிட்டார்கள்.

அதன் வரைபடத்தை அந்தப் பட்டறைக்கு நான் அனுப்பிய அன்று லாபிர் பக்கத்து அறையில் படுத்திருந்தார். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர்கள் கைவிட்டிருந்தார்கள்.

"ஹஃபீலா, கொஞ்சம் பக்கத்துல வந்து இரிங்களே."

"பத்து நிமிஷம். இத அனுப்பிட்டு வாறேன்."

"ஓம், முடிச்சிட்டு வாங்க."

நான் போனபோது தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவே இல்லை. அந்தப் பத்து நிமிடம் வீண்போகவில்லை, அது என்றோ ஒரு நாள் யாரும் காணாத உலகம் ஒன்றைக் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் நூறு நாளும் நிமிர்ந்து இருந்தேன்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொலைநோக்கிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார்களாம். நட்சத்திர வெளிச்சம் அதை மறைக்கும் தகட்டில் விழாமல் எங்கோ சிதறுகிறதாம். வரைபடத்தைத் திறந்தேன். கிண்ணத்தின் நடுவிலிருந்து துண்டு இருநூற்றுப் பத்து மில்லிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். நூற்றிருபது என்று அடித்திருக்கிறேன். கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பார்த்தேன். அதே பத்து நிமிடம். மெருகிட்ட கண்ணாடியை இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பிழையை எழுதுவதற்காகவா அவரைக் காக்க வைத்தேன்?

அழுகை வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. மாமி குசினியில் அடுப்பை விட்டு ஓடிவந்து என் தலையை நெஞ்சோடு அணைத்தார்.

"அழுங்க மகள், நல்லா அழுங்க. என்ட புள்ள மேல உங்களுக்கு இரக்கமில்லையோண்டு நெனச்சிட்டேன். என்ன மன்னிச்சிக்கங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். லாபிர் கூப்பிட்டதையும் நான் போகாததையும் சொல்ல வாயைத் திறந்தேன். மாமி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் சொல்லவில்லை.