ஐந்துக்குப் பிறகு

மூன்றாம் அறை நிரம்ப இன்னும் ஒரே வரிசைதான் பாக்கி என்று தெரிந்த அன்று காலையிலிருந்தே அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அது ஆப்பிள் குளிர்கிடங்கு. பெட்டிகளைக் கூரை வரை அடுக்கி முடித்ததும், ஒரு சாண் கனமுள்ள கதவை இழுத்து மூடுவார்கள். சுற்றிலும் பன்னிரண்டு திருகுகளை முறுக்குவார்கள். பிறகு பின்சுவரில் பதித்த குழாய் வழியாக நைட்ரஜனை உள்ளே விடுவார்கள். அறையிலிருக்கும் மூச்சுக்காற்றெல்லாம் வெளியேறிவிடும். பழம் எட்டு மாதம் அப்படியே தூங்கும்.

"நாமளும் உள்ள போய்ப் படுத்துக்கிட்டா எட்டு மாசத்துக்கு வயசே ஆகாதுடி" என்பாள் பெட்டி அடுக்கும் பெரியக்கா. "என்ன, எழுந்திரிக்கத்தான் முடியாது."

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டே இருப்பாள்.

உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி மூன்று மாதமாக உடைந்து கிடந்தது. மூன்றாம் அறையிலும் அதே கதி, நான்காம் அறையிலும் அதே கதி. மேலாளரிடம் சொன்னதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அதற்குப் பதிலாக அவர் ஒரு வழக்கம் வைத்தார். கதவை மூடுமுன் கதவுக்காரர் வாசலில் நின்று, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட வேண்டும். ஐந்து வரை எண்ண வேண்டும். பதில் வராவிட்டால் விளக்கை அணைத்து மூடிவிடலாம். கதவுக்காரருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். அவருடைய ஐந்து ஒருநாளும் ஆறானதில்லை.

அவளுக்கு வயது பத்தொன்பது. வாய் திக்கும். சில பேருக்கு முதல் எழுத்து திரும்பத் திரும்ப வரும். இவளுக்கு அதுவும் உடனே வராது. தொண்டையில் ஒரு கதவு விழும், அவ்வளவுதான். வீட்டில் அம்மா ஏதாவது கேட்கும்போது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்திருந்தாள். நல்ல நாளில் அந்தக் கதவு திறக்க ஆறு விநாடி. கெட்ட நாளில் ஒன்பது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் தன் உயிர் நிற்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் வாய் வேண்டுமே! வேலை கேட்டுப் போனபோதுகூட அம்மாதான் பேசினாள். "இவ ரொம்ப அமைதி சார். இவ கைதான் பேசும்." அந்தப் பொய்யைக் காப்பாற்றவே அவள் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் எல்லாருடைய கண்ணும் உதட்டில் வந்து ஒட்டும். கண் ஒட்டினால் தொண்டை இறுகும், தொண்டை இறுகினால் இன்னும் நாலு கண் வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் பட்டது போதும். இங்கே அவளுக்குத் திமிர் என்று நினைத்து 'மகாராணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாடி, மகாராணி?" என்று பெரியக்கா கேட்பாள். திக்குவாய் என்பதற்கு மகாராணி எவ்வளவோ தேவலாம் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

கதவுக்காரர் கூப்பிடுவதற்கு முன்பே ஓடி வெளியே வந்துவிடுவது, இதுதான் அவள் கண்ட வழி. ஆனால் அறைக்கு முத்திரை வைக்கும் நாளில் கடைசிச் சீட்டை அவள்தான் ஒட்ட வேண்டும். ஆகவே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள்.

"அண்ணே, எனக்காகப் பத்து வரைக்கும் எண்ணுங்க."

அவ்வளவுதான். பதினோரு நாளாக அதைச் சுமந்து திரிந்தாள். அறையின் கோடியில், குழாய் வாய் இருக்கும் மூலையில், பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் உண்டு. அங்கே போய்ச் சொல்லிப் பார்ப்பாள். ஆளில்லாத இடத்தில் அவள் நாக்கு எண்ணெய் போட்ட சக்கரம். ஒரு எழுத்து இடறாது. வெளியே வந்து கதவுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியம் தொண்டைக்குள் கல்லாகிவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டாம் நாளும் வந்துவிட்டது.

அன்று மதியம் கடைசிச் சீட்டை ஒட்டினாள். இன்று சொல்லியே தீருவது என்று முடிவு. ஒரே ஒரு தடவை பழகிக்கொண்டு போகலாம் என்று மூலைக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, எனக்காகப் பத்து வரைக்கும்..."

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவள் வாய் திறந்தபடியே நின்றது. ஒன்று. இரண்டு. ஓடினாள். பெட்டிச் சந்தில் தோள் இடித்தது. மூன்று. இருக்கேன் என்ற ஒரு சொல்தான். நான்கு. கதவு தொண்டையில் விழுந்துவிட்டிருந்தது.

விளக்கு அணைந்தது. பிறகு அந்த இன்னொரு கதவும் விழுந்தது.

இருட்டில் தடவிப் போய்க் கதவை அறைந்தாள். பஞ்சடைத்த கதவு, கையுறை போட்ட கை. தலையணையில் குத்துவதுபோல் இருந்தது. கூரை விசிறிகளின் இரைச்சல் அதையும் தின்றது. அந்தப் பக்கம் முதல் திருகு கிறீச்சிட்டது. ஒரு சாண் தூரத்தில் ஒரு மனிதர் நிற்கிறார் என்ற நினைப்பே வாயைப் பூட்டப் போதுமாக இருந்தது. சத்தம் எழும்பவில்லை. நாலு திருகு. ஏழு. பன்னிரண்டு.

பிறகு ஒன்றுமில்லை.

கால் தானாக அவளைப் பழைய மூலைக்கே கொண்டுபோயிற்று. எல்லாரும் போய்விட்டார்கள். இனிக் கேட்க ஆளில்லை. ஆளில்லை என்றதும் தொண்டை திறந்துகொண்டது, பாவி! இருட்டைப் பார்த்து, அழுதுகொண்டே, ஆனால் மணிமணியாகச் சொன்னாள்:

"அண்ணே, எனக்காகப் பத்து வரைக்கும் எண்ணுங்க. எனக்குப் பேச்சு சீக்கிரம் வராது. பத்து வரைக்கும் எண்ணுங்க."

காசளவு வெளிச்சம் ஒன்று அவள் முகத்தருகே விழுந்தது. வெளியே, நைட்ரஜன் குழலை மாட்டுவதற்காகக் கதவுக்காரர் குழாயின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"யாரது?" குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "உள்ள ஆள் இருக்கா?"

வெளிச்சம் மறைந்தது. அவர் குழாயில் காதை வைத்துவிட்டார்.

காது. அவ்வளவு பக்கத்தில், அவளுக்காகவே காத்திருக்கும் காது. தொண்டை அடைத்தது. தாடை பூட்டிக்கொண்டது. கையைத் தூக்கிக் குழாயைத் தட்ட நினைத்தாள். கையும் தொண்டையோடு சேர்ந்து மரத்துப்போயிருந்தது.

"என்னண்ணே, குழாயோட ரகசியமா?" தூரத்தில் பெரியக்காவின் குரல். "கேஸைத் திறந்துவிடுங்க, நேரமாச்சு."

"சும்மா இரு. ஒண்ணு... ரெண்டு..."

ஒருநாளும் பிசகாத எண்ணிக்கை.

"மூணு... நாலு... அஞ்சு."

விசிறி மட்டும் சுற்றியது. இருட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆறு" என்றார் அவர்.

குரலில் ஒரு தயக்கம். "ஏழு... எட்டு..."

"இ... இ... இ..."

அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருடம் ஒளித்துவைத்த அந்த அசிங்கமான சத்தத்தை அப்படியே குழாய்க்குள் கொட்டினாள். "இ... இருக்கேன்!"

திருகுகள் கழன்றன. கதவு திறந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. பெரியக்கா வாயில் கையை வைத்திருந்தாள். எத்தனை கண்கள்! மேலாளர் ஓடி வந்து அவள் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினார். எல்லாரும் கேட்கச் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் ஆகலையே, நல்லதாப் போச்சு. கைப்பிடி அது இதுன்னு வெளிய யாராவது கேட்டா... நீதான் பேசவே மாட்டியேம்மா. உன்னப்பத்தி எனக்குக் கவலையே இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். கதவு விழுந்தது. உதடு நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. மேலாளர் ஒரு கணம் பார்த்தார். தலையாட்டிவிட்டு, முடிந்தது என்பதுபோலத் திரும்பினார்.

கடிகாரம் குறுக்கே வந்து நின்றார். கையில் இன்னும் திருகுச்சாவி இருந்தது.

"நில்லுங்க சார். அந்தப் பொண்ணு பேசிட்டிருக்கு."

ஒருவரும் அசையவில்லை. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அடுத்த வாரம் முத்திரை வைக்க வேண்டிய நான்காம் அறையிலிருந்து, விசிறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.