மேனகா எங்கிருந்து தேடுகிறாள்

1

மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, தலைப்பக்கத்தைத் தூக்கி இறக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டுமென்று ஒரே ஒரு முறை போனில் தேடினேன். மாமனார் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். கட்டில்கள்தான் என்னை விடவில்லை. செய்தி படித்தால் கட்டில், சமையல் வீடியோ பார்த்தால் கட்டில். எனக்குக் கட்டில் தேவை என்று எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்த அந்த ஆள் யார்? ஆளைக் கண்டுபிடிக்க முடியாததால் நானே ஒருத்தியை உண்டாக்கிக்கொண்டேன். இந்தக் கதை அப்படித்தான் வந்தது.

2

முதல் வரி: உப்பளத்து வானம் அன்று...

வேண்டாம். வானத்துக்கும் கட்டிலுக்கும் சம்பந்தமில்லை.

நான் உண்டாக்கியவள் பெயர் ரூமானா. அவளுடைய வேலை என்னவென்றால்... (இதை விளக்கத் தொடங்கினால் கதை கட்டுரையாகிவிடும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கடையின் இணையதளம் கூகுளில் மேலே வரவேண்டுமானால், அந்தக் கடையை நாடக்கூடியவர் யார், என்ன சொல்லித் தேடுவார் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கேற்றபடி தளத்தை எழுத வேண்டும். எஸ்.இ.ஓ. என்பார்கள்.)

இதுவே இருக்கட்டும்: கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பாண்டிச்சேரி உப்பளம் பகுதியில் வீட்டு மாடியறையை ஆபீசாக்கிக்கொண்ட ரூமானாவுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வாடிக்கையாளர், அதே ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் சக்கரபாணி. கட்டில்களை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த ஏஜென்சி அவரைக் கைவிட்டுவிட்டது. இனி வீடுகளுக்கு நேரே விற்றால்தான் பிழைப்பு.

"இந்த மாசக் கடைசிக்குள்ள எதுனா ஆர்டர் வரணும்மா. இல்லன்னா ஷெட்ட காலி பண்ணிட்டு சொந்த ஊரு வானூருக்கே போயிடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

3

ரூமானா செய்த முதல் காரியம் என்னை அசத்திவிட்டது. மேனகா என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்தாள். நடுத்தர வயது, பள்ளி ஆசிரியை, லாஸ்பேட்டையில் வீடு, படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா. மேனகா எப்போது தேடுவாள்? எதற்குப் பயப்படுவாள்? கட்டில் மாடிப்படி ஏறுமா என்று கேட்பாளா? எல்லாவற்றையும் யோசித்து வைத்தாள்.*

* நானும் இதே தொழில்தான் செய்கிறேன். ஆனால் என் பாத்திரங்கள் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. அவளுடைய மேனகா செய்தே ஆகவேண்டும்.

தளத்தை மேனகாவுக்காகவே எழுதினாள். பார்வையாளர் கணக்கில் வெளிநாடுகளை மொத்தமாக வடிகட்டி ஒதுக்கினாள். அங்கிருந்து வருவதில் பாதி மனிதர்களே இல்லை, வெறும் இயந்திரங்கள் என்று பழைய கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தளம் நன்றாகவே மேலே வந்தது. போன்தான் வரவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ரூமானா மீதே சந்தேகம் வந்தது. சாமர்த்தியத்தை அள்ளிக் கொடுத்துவிட்டேனோ? காரணத்தை அவளே யோசித்துக் கண்டுபிடிப்பதாக எழுதியிருந்த பக்கத்தை அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். (நடந்ததா? சரி, நடந்ததாக வைத்துக்கொள்வோம்.)

அவள் மேட்டுப்பாளையத்துக்கு நேரிலேயே போனாள். பேசிக்கொண்டிருக்கும்போது சக்கரபாணியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் பட்டென்று கட் செய்தார்.

"யாரு சார்?"

"பிளஸ் முப்பத்திமூணுன்னு ஆரம்பிக்குதும்மா. கொஞ்ச நாளா இதே தொல்லை. எடுத்தா லாட்டரி விழுந்துச்சு, பேங்க் நம்பர் சொல்லுன்னுவானுங்க. வந்தவுடனே கட் பண்ணிடுவேன்."

ரூமானா எழுந்தே விட்டாள். "சார், அது பிரான்சு!"

"இருக்கட்டுமே. எனக்கு பிரான்சுல யாரு இருக்கா?"

"உங்களுக்கு இல்ல சார். கட்டில்ல படுக்கப்போறவங்களுக்கு இருக்காங்க!"

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து வடிகட்டியை எடுத்தாள். பிரான்சிலிருந்து ஆட்கள் வந்து போயிருந்தார்கள். விலைப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருந்தார்கள். அவள் தெருவிலேயே சொல்தா வீடுகள் இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் எல்லாம் பாரிஸ் பக்கம். பெற்றவர்களுக்கு மருந்து முதல் தண்ணீர் கேன் வரை அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்கிறார்கள். இதைத் தினமும் பார்த்துக்கொண்டு, பாண்டிச்சேரியில் இருந்தபடியே பிரான்சை ஒதுக்கிவைத்தாளே, அவளை என்ன சொல்வது! எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

சக்கரபாணியின் போனை வாங்கிப் பார்த்தாள். இன்று வந்தது புது எண். அதற்கும் கீழே வேறொரு பிரான்ஸ் எண், போன வாரம் முழுக்க விடாமல் அழைத்துவிட்டு, அப்புறம் நின்றுபோயிருந்தது.

"இன்னைக்கு வந்ததுக்கு அடிம்மா. சூடா இருக்கும்போதே பேசிடலாம்."

"அடிக்கலாம் சார். போன வாரம் அடிச்சவங்க ஏன் நிறுத்திட்டாங்கன்னு மொதல்ல தெரியணும்."

5

முடிவு ஒன்று: ஒரு பெண் எடுக்கிறாள். திட்டித் தீர்த்துவிட்டு, முத்தியால்பேட்டை முகவரி ஒன்றைத் தருகிறாள்.

முடிவு இரண்டு: ஒரு பெண் எடுக்கிறாள். "இனிமே வேணாம்மா" என்கிறாள்...

முதலாவதை நானே நம்பவில்லை. இரண்டாவதை எழுத மனம் வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நானும் ஒரு வாசகரைக் கற்பனை செய்து, பாண்டிச்சேரியிலேயே குடிவைத்து, அவருக்காகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் எங்கிருந்து படிக்கிறீர்கள் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பெற்றவர்கள் இங்கேயும் நீங்கள் வேறெங்கோ தொலைவிலும் இருக்கலாம். ஏதோ ஓர் எண்ணுக்குப் போன வாரம் முழுக்க அடித்து அடித்து ஓய்ந்தவர் நீங்களாகவே இருக்கலாம்.

ரூமானா எண்ணை அழுத்திவிட்டாள். ஸ்பீக்கரில் மணி போகிறது. வெல்டிங்கை நிறுத்தும்படி உள்ளே பார்த்துக் கை காட்டுகிறார் சக்கரபாணி.

அங்கே உங்கள் போன் அடிக்கிறது. தெரியாத எண், தொண்ணூற்றொன்று என்று தொடங்குகிறது. கட் பண்ணிவிடாதீர்கள். எடுத்து, கட்டில் இன்னும் வேண்டுமா, வேண்டாமா என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.