ஒரு ‘மெல்ல’ அதிகம்

மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாருமே ஹெல்மெட்தான். பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவருக்கு, மேனேஜர் ஒரு வெள்ளை ஹெல்மெட், வெல்டர்கள் நீலம், கீழே நின்று கைகாட்டுகிற மச்சினன் மஞ்சள். அந்த மஞ்சள் ஹெல்மெட் செவ்வாய்க்கிழமை காலை, குழாய் நெருங்கி வரும்போது இரண்டு அடி பின்னால் நகர்ந்தது.

மூன்று டன் இரும்புக் குழாய் தலைக்கு மேலே வந்தால் புத்தியுள்ளவன் நகரத்தானே செய்வான் என்று கேட்கலாம். ஆனால் இந்த மச்சினன் நகரமாட்டான். குழாயை இறக்கி வைக்கும் மேடைக்குப் பக்கத்தில், தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு வட்டம் போட்டிருக்கும். கைகாட்டுகிறவன் நிற்க வேண்டிய இடம் அது. வேறு யாராவது கிரேன் ஓட்டினால் அவன் அந்த வட்டத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அக்கா வீட்டுக்காரர் ஓட்டினால் மட்டும் பதினோரு வருடமாக அதற்குள்ளேயே நின்று கொட்டாவி விடுவான். குழாய் வந்து அப்படியே அந்தரத்தில் நிற்கும், ஒரு விரற்கடை கூட ஆடாது. அதனால்தான் தொழிற்சாலை முழுக்க அவருக்கு அசையாமணி என்று பெயர்.

அசையாமணியின் வித்தையில் மந்திரம் எதுவும் கிடையாது. ஓடுகிற கிரேனைச் சட்டென்று நிறுத்தினால் சுமை முன்னால் பாய்ந்து ஊஞ்சலாடும். அவர் அப்படிச் செய்யமாட்டார். முதலில் லிவரை இழுத்து வேகத்தைச் சரிபாதியாக்குவார். சுமை முன்னே போய், தயங்கி, திரும்பி வரும். அது கிரேனுக்கு நேர் கீழே வந்து, தன் ஓட்டத்தையெல்லாம் இழந்து ஒரு கணம் சும்மா தொங்கும் பாருங்கள், அந்தக் கணத்தில் கிரேனையும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆடுவதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தக் கணம் எப்போது வரும் என்று அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. வாய்க்குள் “மெல்ல... மெல்ல... வா” என்பார். ‘வா’வில் கை தானாக லிவரை இழுக்கும். மூன்று விநாடி, கணக்காக.

இந்த மூன்று வாரமாகத்தான் ‘வா’ என்றால் குழாய் வருவதில்லை. நிறுத்திய பிறகும் கெட்ட பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. இறக்கும்போது இரண்டு தடவை பின்னால் போய்ப் புது மெஷினின் கம்பித் தடுப்பில் மோதி அதை நெளித்துவிட்டது. ஆள் யாருக்கும் அடி இல்லை. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அசையாமணி கடைசி வரி எழுத்தையும், அதற்குக் கீழே சின்னதாக அச்சடித்திருந்த கம்பெனி முகவரியையும் படித்துக்காட்டிவிட்டு வந்தார். அப்படியானால் கைதான் என்று மேனேஜர் முடிவுகட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்,” என்றார் மேனேஜர். “திங்கட்கிழமை மூணு குழாய் தூக்குங்க. மூணும் ஆடாம நிக்கணும். இல்லைன்னா ஸ்டோர் ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

“என் கை எப்படின்னு மச்சினனைக் கேளுங்க சார், அவன்தான் கீழ நிக்கிறான்,” என்றார் இவர்.

மேனேஜர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தன் ஷூவைப் பார்த்தான். ஷூவில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஸ்டோர் ரூம் நாற்காலியை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டு அடியைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து சாப்பிடும்போது கையைத் தட்டின் மேலேயே நிறுத்தி, விரல் நடுங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க நடுங்கியது. யாருடைய விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் நடுங்கத்தான் செய்யும். ஆனால் பயந்தவனிடம் போய் அதை யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் தன் ஐந்து வயது மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வாசலோடு திரும்பிப் போனான். வழக்கமாக உள்ளே வந்து அலமாரியில் இருக்கிற பிஸ்கட்டையெல்லாம் தீர்த்துவிட்டுப் போகிறவன். “வேலை இருக்கு மாமா,” என்று தரையிடம் சொன்னான்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பூங்காவுக்குப் போனார்கள். அங்கே இரண்டு ஊஞ்சல். ஒன்று பெரியவர்களுக்கு, உயரமான கம்பியிலிருந்து நீளச் சங்கிலியில் தொங்கியது. மற்றது குழந்தைகளுக்கு, தாழ்ந்த கம்பியில், குட்டைச் சங்கிலியில். குழந்தையைச் சின்னதில் உட்காரவைத்து அவர் பின்னால் நின்று தள்ளினார். பழக்க தோஷத்தில் “மெல்ல... மெல்ல... வா” என்றபடி கையை நீட்டினார். ‘வா’ வருவதற்கு முன்பே ஊஞ்சல் வந்து அவர் முழங்கையில் இடித்துவிட்டுப் போயிருந்தது.

“மாமாவுக்குத் தள்ளவே தெரியல!” என்றாள் குழந்தை.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஐந்து வயதுக்குக்கூடத் தெரிந்துவிட்டதே! மனைவி அதைக் கவனித்தாள். முப்பது வருடமாகக் கவனிக்கிறவள். பெரிய ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டு, “என்னைத் தள்ளுங்க பாப்போம்,” என்றாள்.

“மெல்ல... மெல்ல... வா.” ‘வா’வில் அவள் முதுகு வந்து அவர் உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் அப்படியே. பத்து தடவை தள்ளியும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

“கை நல்லாத்தானே இருக்கு?” என்றாள் அவள்.

“நீ கனமா இருக்க. அதான் நிதானமா வர்ற.”

“ஆமா, இதையும் என் உடம்பு மேலயே போடுங்க,” என்று அவள் இறங்கி, குழந்தையைத் தூக்கிப் பெரிய ஊஞ்சலில் வைத்தாள். “இப்பத் தள்ளுங்க. இவ என்ன கனமா?”

குழந்தை அத்தையின் நாலில் ஒரு பங்கு கூட இருக்கமாட்டாள். சிட்டாகப் பறந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். ஆனால் ‘வா’ என்றதும் அத்தை வந்த அதே நேரத்தில்தான் அவளும் வந்து சேர்ந்தாள். வேகமாகத் தள்ளி உயரமாக அனுப்பினார், அப்போதும் ‘வா’வுக்குத்தான் வந்தாள். மெதுவாகத் தட்டிவிட்டார், அதற்கும் ‘வா’தான். கனத்தாலும் ஒன்றுமில்லை, தள்ளுகிற வேகத்தாலும் ஒன்றுமில்லை. அவர் தள்ளுவதை விட்டுவிட்டுச் சங்கிலியை அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்து ஊஞ்சலின் குட்டைச் சங்கிலியைப் பார்த்தார்.

“மாமா தூங்கிட்டாரு அத்தை,” என்று ஊஞ்சலிலிருந்து புகார் வந்தது.

புது மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆறு மீட்டர் உயரம், பட்டறைக்கு நட்டநடுவில் யானை மாதிரி நிற்கிறது. முன்பெல்லாம் குழாயை ஒன்பது மீட்டர் கம்பிவடத்தில், தரையை ஒட்டியே கொண்டுபோவார். இப்போது மெஷினைத் தாண்ட வேண்டுமென்று நாலு மீட்டருக்குச் சுருட்டி உயரத் தூக்கிக்கொண்டு போகிறார். மெஷினைத் தாண்டியதும் மேடை. ஜாக்கிரதையாகத்தான் போகிறார், அதில் குறையே இல்லை. ஆனால் வாயில் இருப்பது ஒன்பது மீட்டரின் கணக்கு.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு பூட்டு தொங்கியது. முதலில் தொண்ணூறு சென்டிமீட்டர் நூல். அவர் ஆட்டிவிட, மனைவி போனில் நேரம் பார்த்துப் பத்து ஆட்டம் எண்ணினாள். முதல் தடவை விட்ட உடனேயே ‘ஒண்ணு’ என்று எண்ணிவிட்டாள்.

“விடும்போது பூஜ்யம். போயிட்டு வந்தாத்தான் ஒண்ணு,” என்றார்.

“விட்டாச்சுல்ல, அது ஒண்ணு இல்லையா?”

“வாசலைத் தாண்டின உடனே கடைக்குப் போயிட்டு வந்தாச்சுன்னு சொல்லுவியா?”

சண்டை முடிந்து சரியாக எண்ணியபோது பத்தொன்பது விநாடி ஆனது. நூலை நாற்பதுக்குச் சுருக்கினார். பன்னிரண்டே முக்கால்! பூட்டைக் கழற்றிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கட்டி, அதன் நடு வயிறு அதே உயரத்தில் வரும்படி தொங்கவிட்டார்கள். அதற்கும் பன்னிரண்டே முக்கால்தான். நூல் பாதிக்கும் கீழே குறைந்தாலும் நேரம் பாதியாகவில்லை, மூன்றில் இரண்டாகத்தான் நின்றது. இது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, மூன்றில் இரண்டு என்றால் மூன்று விநாடிக்கு இரண்டு விநாடி.

“ஒரு ‘மெல்ல’ அதிகமா சொல்லிட்டு இருந்திருக்கேன்டி,” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தனக்கு வயதாகிவிட்டது என்று மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்த மனிதர், இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை பட்டறையில் எல்லா வண்ண ஹெல்மெட்டும் கூடியிருந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஊஞ்சல், பூட்டு, இஸ்திரிப் பெட்டி என்று ஆரம்பித்தால் நேராக வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். ஏணி ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தார். வாக்கி-டாக்கியில் மச்சினன் குரல் வந்தது.

“மாமா... நான் எங்க நிக்கட்டும்?”

இத்தனை வருடத்தில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை.

“உனக்கு எங்க நிக்கத் தோணுதோ அங்க நில்லு மாப்ளே.”

மஞ்சள் ஹெல்மெட் வட்டத்துக்கு இரண்டு அடி பின்னால் போய் நின்றது. அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் பிஸ்கட் தின்கிற ஒரு பிள்ளை இருக்கிறது.

முதல் குழாய் எழும்பியது. மெஷினைத் தாண்டியது. லிவரைப் பாதி இழுத்தார். “மெல்ல...” இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம் இன்னொரு ‘மெல்ல’வை நாக்கு நுனி வரை கொண்டுவந்து விட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார். “வா!” கை இழுத்தது. கிரேன் நின்றது. குழாய் ஒரு தடவை லேசாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. நீல ஹெல்மெட்டுகளிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

“ஒண்ணு தற்செயலா இருக்கலாம்,” என்றது வெள்ளை ஹெல்மெட்.

இரண்டாவது குழாய்க்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. சிலிர்ப்புக்கூட இல்லாமல் நின்றது.

மூன்றாவது குழாயைத் தூக்குவதற்கு முன் அவர் வழக்கம்போலக் கீழே பார்த்தார். வட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட்டைக் காணவில்லை. பிறகு கண்டுபிடித்தார். குழாய் இன்னும் தரையை விட்டே எழும்பவில்லை, அதற்குள் மச்சினன் வட்டத்துக்குள் போய் நின்றிருந்தான். நட்டநடுவில், இரண்டு காலையும் சேர்த்துவைத்து.

“என்னடா அங்க?”

“இதானே என் இடம்,” என்றான். “அன்னைக்கு மேனேஜர் கேட்டப்ப நான் வாயைத் திறக்கல மாமா. மனசுல வெச்சுக்காதீங்க.”

பதில் சொல்ல இடது கையால் வாக்கி-டாக்கியின் பொத்தானை அமுக்கினார். லிவரில் இருந்த வலது கை கல் மாதிரி அசையாமல் இருந்தது, பார்க்காமலேயே அவருக்குத் தெரிந்தது. குழாயைத் தூக்கினார். மெஷினைத் தாண்டியதும் பாதி இழுத்தார். வாக்கி-டாக்கியின் பொத்தான் இன்னும் அமுங்கியிருப்பதை மறந்துவிட்டார். பட்டறை முழுக்கக் கேட்டது.

“மெல்ல... வா.”

குழாய் வந்து நின்றது. வட்டத்துக்குள் நின்றபடியே மச்சினன் ஒரு கொட்டாவி விட்டான்.