அடுத்த வருஷத்து ஜூன்

...பூஜை முடிந்ததும் கேட்டுவிட வேண்டும், காலண்டர் ஏஜென்டுகள் சாப்பிட உட்காருவதற்குள் கேட்டுவிட வேண்டும், அப்பா இப்போது சந்தோஷமாக இருக்கிறார், ஆடிப் பதினெட்டு அன்று அவர் யார் மேலும் எரிந்து விழ மாட்டார், இதை விட்டால் வேறு நேரமே கிடையாது, இன்று சாயங்காலத்தோடு டெல்லி சீட் போய்விடும். போனில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் பச்சையாக இருக்கிறது, அதை அழுத்திவிடுவேன், ஆனால் அடுத்த பக்கத்தில் பணம் கட்டச் சொல்லும், பணம் கட்டினால் ஓ.டி.பி. அப்பா போனுக்குத்தான் வரும். இந்தியாவே திரும்பிப் பார்க்கிற பல்கலைக்கழகம், பொருளாதாரம், நான் பரீட்சை எழுதி வாங்கிய இடம், கடைசியில் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிற போனில் வந்து நிற்கிறது. நானோ சிவகாசியில், எங்கள் பிரஸ்ஸில், சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏட்டி பிரீத்திகா, அந்த ஓரத்து மெஷினை விட்டுட்டியே என்று அம்மா கத்துகிறாள். விடவில்லை அம்மா, அதற்கும்தான் வைக்கிறேன், எதைத்தான் நான் விட்டிருக்கிறேன்.

இந்த ஊரில் ஆடிப் பதினெட்டு என்றால் காலண்டர். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குப் போவார்கள், நாங்கள் அடுத்த வருஷத்துக்குப் போய்விடுவோம். மாதிரித் தாள்களைக் கோத்து ஆல்பமாக்கிச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, அதைக் கையில் கொடுத்தால் ஏஜென்டுகள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். நடக்கிற வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. சின்ன வயதில் எனக்கு இது பெரிய பெருமை, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் என் பிறந்தநாள் என்ன கிழமை என்று எனக்குத் தெரிந்துவிடும்... இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. இன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாத வீட்டில் அடுத்த வருஷத்துத் தீபாவளி எப்போது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

டெல்லி என்று நான் சொன்ன அன்று அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன், சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் "பாப்போம்" என்றார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அண்ணனுக்கு யாரும் பாப்போம் சொல்லவில்லை. ஸ்ரீராம்குமார் பிளஸ் டூவில் தட்டுத் தடுமாறித் தேறினான், உடனே அப்பா காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் இன்ஜினீயரிங் சீட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார், வரும்போது அல்வா வேறு. அவனுக்கு வாங்கினார்கள், எனக்குக் கிடைத்தது. வாங்கியதற்கு உள்ள மரியாதை கிடைத்ததற்கு இல்லை. இதோ நிற்கிறான், பட்டு வேட்டி, காதில் ஒயர், பாதிப் பாடத்தில் அரியர், ஏஜென்டுகள் அவனைச் சின்ன மொதலாளி என்று கூப்பிடுகிறார்கள். நானும் கொஞ்சம் மக்காக இருந்து தொலைத்திருக்கலாம்.

நன்றாகப் படித்ததுதான் வினை. மார்க் வந்த அன்றே அய்யாதுரை மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். சொந்த மாமா இல்லை, டிரஸ்ட் செயலாளர், நம் சனங்கள் கடைக்குக் கடை வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்து நடத்துகிற கல்லூரிக்கு அவர்தான் எல்லாம். "நம்ம பிள்ளை இம்புட்டு மார்க் எடுத்துருக்கு, வெளிய விடலாமா? மூணு வருசமும் ஸ்காலர்ஷிப், ஒத்தைப் பைசா கட்ட வேண்டாம், பி.காம். படிக்கட்டும், காலையில வேன் ஏறினா சாயங்காலம் வீடு" என்றார். அம்மா காபியோடு முறுக்கையும் கொண்டுவந்து வைத்தாள். பி.காம். படித்தால் பிரஸ் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, அப்பாவா, நானேதான் நினைத்துக்கொண்டேனா... வசதி இல்லாத பிள்ளைக்குப் போக வேண்டிய ஸ்காலர்ஷிப் இல்லையா அது? எங்கள் பிரஸ்ஸில் மூன்று மெஷின் ஓடுகிறது. கேட்டேன். "மார்க்குக்குக் குடுக்கிறது பாப்பா, மரியாதை" என்றார் அப்பா. யாருக்கு மரியாதை? எனக்கு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கற்பூரம் காட்டியாயிற்று. அப்பா முதல் ஆல்பத்தைச் சாமி காலடியிலிருந்து எடுத்துத் தென்காசி ஏஜென்ட் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் கொடுக்கிறார், வருஷா வருஷம் அவருக்குத்தான் முதல் ஆல்பம், கை ராசி. இப்போது கேட்கலாமா, அவர் புரட்டி முடிக்கட்டும், அப்பா நெற்றியில் திருநீறு பூசுகிற நேரத்தில் பக்கத்தில் போய் அப்பா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க என்று சாதாரணமாக ஆரம்பித்துவிட்டால்... வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணாச்சி, "யாத்தே, இது நம்ம பாப்பால்ல!" என்றார்.

எட்டிப் பார்த்தேன். டிரஸ்டின் மாத காலண்டர். மேலே கல்லூரிக் கட்டடம், கீழே அடுத்த வருஷத்து ஜூன், நடுவில் நான். வெள்ளைச் சுடிதார், ஒரு பக்கமாகச் சிரிப்பு, படத்துக்கு அடியில் 'எங்கள் கல்லூரியின் உதவித்தொகை மாணவி' என்று சிவப்பு எழுத்து. அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "பாப்பாகிட்ட சொல்லாம வச்சிருந்தேன் அண்ணாச்சி, ஆல்பத்துலயே பாக்கட்டும்னுட்டு. டிரஸ்ட் ஆர்டர் மொத்தமும் இந்த வருசம் நமக்குத்தான்." என்னிடம் எதற்காக மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, மகளை மகிழ்விக்கத்தான் மறைத்திருக்கிறார், அதுதான் தாங்கவில்லை. மாதிரித் தாள்கள் ஆனியிலேயே மெஷினில் ஓடிவிடும், எனக்குத் தெரியும், அந்த வாரம் மை வாடை வீடு வரைக்கும் வரும். நான் டெல்லி என்று சொன்னதும் அதே ஆனியில்தான். அவர் பாப்போம் என்று சொன்ன ராத்திரி இந்தத் தாள் இங்கே காய்ந்துகொண்டு கிடந்திருக்கிறது. நான் சேராத கல்லூரியில் என்னைச் சேர்த்து, ஒரு வருஷம் படிக்கவும் வைத்து, ஜூன் மாதத்தில் சிரிக்கவும் வைத்துவிட்டார்கள்.

எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அம்மா என் முதுகைத் தடவி "சினிமாக்காரி கணக்கா இருக்கியேட்டி" என்கிறாள். அண்ணன்கூட ஒயரைப் பிடுங்கிவிட்டு எட்டிப் பார்க்கிறான், அவன் முகம் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. "பிடிச்சிருக்கா பாப்பா?" என்று அப்பா கேட்கிறார். சொல், இப்போதே சொல், இத்தனை பேர் முன்னாலும் சொல், பிடிக்கவில்லை, டெல்லிக்குப் போகிறேன், இந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்...

"இந்தப் படத்தையாப்பா போட்டீக? மதுரைக் கல்யாணத்துல பச்சைப் பட்டு கட்டி எடுத்தது இருக்குல்ல, கேட்டிருந்தா அதத் தந்திருப்பேன்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பா சிரித்துக்கொண்டே மெஷின்காரரைப் பார்த்து, "ஏலே கண்ணுச்சாமி, இது சாம்பிள்தான, மொத்தத்தையும் அடிக்கிறதுக்குள்ள பாப்பாகிட்ட அந்தப் படத்தை வாங்கி மாத்திரு" என்றார். பிறகு மற்ற ஏஜென்டுகளுக்கு ஆல்பம் கொடுக்கப் போய்விட்டார்.

போனை எடுத்தேன். பச்சைப் பொத்தான் அப்படியே இருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போட்டோக்களைத் திறந்தேன், பச்சைப் பட்டில் நிறையப் படங்கள் இருந்தன, ஒன்றில் கண் பாதி மூடியிருந்தது, ஒன்றில் கழுத்துச் சங்கிலி திரும்பியிருந்தது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் தாளைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. ஊரில் ஒரு கடை விடாமல் தொங்குவேன், கூடப் படித்தவள் ஒவ்வொருத்தியும் பார்ப்பாள் என்று ஒரு குளிர்ச்சி வந்தது, கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, எவ்வளவு பின்னால் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அப்பா கூப்பிடுகிற தூரத்தில்தான் நிற்கிறார், போன் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது, சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வாய் திறந்து கேட்டால் ஒருவேளை கொடுத்துக்கூட விடுவார். கண்ணுச்சாமி அண்ணன் பக்கத்தில் வந்து காத்துக்கொண்டிருக்கிறார். எந்தப் படத்தில் நன்றாக இருக்கிறேன்?