பொறி பறந்த மைக்ரோவேவ்

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடுகளவு திருகாணியைக்கூடக் கை நடுங்காமல் மாட்டுவார். அந்தத் தெம்பில், வீட்டில் எது பழுதானாலும் ஸ்க்ரூட்ரைவரோடு வந்து நிற்பார். வந்த பிறகுதான் பழுது முற்றும்.

அன்று காலை மைக்ரோவேவுக்குள் படபடவென்று பொறி பறந்தது. மனைவி ஓடிவந்தாள்.

“மெக்கானிக்கைக் கூப்பிடவா?”

“எதுக்கு? நான் இருக்கேன்ல?”

“அதான் பயமா இருக்கு” என்றவள், துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தைத் திருப்பினார். முதுகில் மின்னல் படத்தோடு ஓர் எச்சரிக்கை முறைத்தது. அதற்குக் கீழே கம்பெனியின் புகார் எண். மனைவி இறங்கி வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டார்.

எடுத்தது அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். “ஏதோ போன்ல பேசற வேலை” என்பதற்கு மேல் அவர் அதைக் காதில் வாங்கியதில்லை. ஆபீஸ் குரலில் அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கோ, அவர் “அதாவது பாத்தீங்கன்னா மேடம்” என்று ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் பேசுவதெல்லாம் பதிவாகும். சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

“சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?”

“எனக்கில்ல மேடம், பக்கத்து வீட்டுக்காரருக்கு. அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, பாவம்.”

“பாவம்தான் சார். அவர் கையில ஸ்க்ரூட்ரைவர் இருக்கா?”

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “இருக்கு.”

“கீழ வைக்கச் சொல்லுங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். மூடியைக் கழட்டவே கூடாது.”

சத்தமில்லாமல் மேடையில் வைத்தார். “வெச்சிட்டாரு.”

“உள்ள என்ன வெச்சாரு?”

“பீங்கான் கப்பு.”

“விளிம்புல தங்கக் கலர்ல கோடு இருக்கா?”

“இருக்கு மேடம்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அது உலோகப் பூச்சு சார். அதுலதான் பொறி பறக்குது. யார் குடுத்த கப்பு?”

“அவரோட மச்சினி குடுத்தது. பளபளன்னு இருந்தாப் போதும், வாங்கிடும் அந்தப் பொண்ணு.”

எதிர்முனைக் குரல் கொஞ்சம் கறாரானது.

“கப்பைக் கவுத்துப் பாக்கச் சொல்லுங்க சார். மைக்ரோவேவ்ல வைக்காதீங்கன்னு அடியில போட்டிருக்கும்.”

போட்டிருந்தது.

பிறகு அவள் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, உள்பக்கச் சுவரில் அட்டை மாதிரி இருந்த மெல்லிய தகட்டில் தெறித்துக் காய்ந்திருந்த பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தார். தகடு கருகவில்லை, ஓட்டை விழவில்லை. கருகியிருந்தால் அதை மாற்றாமல் இயந்திரத்தை ஓடவிடக் கூடாது என்றாள். சக்கர வளையத்தின் மேல் கோணலாகக் கிடந்த கண்ணாடித் தட்டைச் சரியாக உட்கார வைத்தார். பிளக்கை மாட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஓடவிட்டார். தட்டு சுற்றியது. பொறி இல்லை. தண்ணீரும் சுட்டது.

“மேடம், நீங்க தெய்வம்!” என்று கத்தியேவிட்டார்.

சாயங்காலம் மச்சினி வீட்டுக்கு வந்தாள். “உங்க அத்தானே சரி பண்ணிட்டாருடி” என்றாள் அக்கா, நம்பவும் முடியாமல் நம்பாமலும் இருக்க முடியாமல். அவர் தகட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். மச்சினி கன்னத்தில் கை வைத்து முழுவதையும் கேட்டாள்.

“எல்லாம் சரி அத்தான். போனை வைக்கறதுக்கு முன்னாடி மேடத்துக்கு மார்க் போடச் சொல்லிருப்பாங்களே, எவ்வளவு போட்டீங்க?”

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவளால் நிற்க முடியவில்லை.

“கிண்டலுக்குச் சொல்லல அத்தான்” என்றாள் மச்சினி, சிரிப்பு அடங்கியதும். “சேந்ததுலேர்ந்து போன்ல திட்டுதான் வாங்கறேன். நன்றி சொன்ன முதல் ஆளு நீங்கதான்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“யாரு உன்னைத் திட்டினது? நம்பரைக் குடு, நான் பேசறேன்.”

“குடுத்துத் தொலைச்சிடாதடி” என்றாள் அக்கா.