டிபன் பாக்ஸுக்குள் ஒரு பிக்கப்

1

இந்தக் கதை சற்று முன்தான் பிறந்தது. ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் மெட்டல் டிடெக்டரில் கத்தியது, அதுதான் பிறப்பு. ஒரகடத்தில் எங்கள் ஆலை வாசலில், வீட்டுக்குப் போகும் வரிசையில் நின்றபடி மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்திலேயே பெண்கள் வரிசை. அங்கே செக்யூரிட்டி ராஜாமணி அக்காவின் கையில் ஒரு பொட்டலம். அதை அவர் திருப்பிப் பார்ப்பதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "புகைபோக்கிகளுக்கு மேல் சூரியன்..." வேண்டாம். எங்கள் ஆலைக்குப் புகைபோக்கியே கிடையாது.

இரண்டாவது: "மாரிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றும் லைனில் ஒப்பந்த வேலை. கம்பெனி ஹாஸ்டலில் ஒரு கட்டில்." இது பரவாயில்லை, இதோடு போகலாம்.

அவளுடைய டிபன் பாக்ஸுக்குள் இருந்த பொட்டலத்தின் ஓரத்தை ராஜாமணி அக்கா கிழித்தார்.

"இன்னாம்மா இது? காப்பரு கீது. லைன்லேர்ந்து எத்துனு வந்தியா?"

"இல்லக்கா. என் சாமான்தான். பஸ்ல நசுங்கிரும்னு டிபன்ல வச்சேன்."

"உன்னுதுன்னா உள்ள வரசொல்லோ ஏன் நோட்டுல எழுதல?"

மாரிசெல்வி டிபன் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

(ஏன் எழுதவில்லை என்று நான் சொல்கிறேன். அது கிட்டார் பிக்கப். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே இருந்து ஓசையைப் பிடிக்கும் சிறிய பட்டை. காந்தத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செப்புக்கம்பி. சொந்தக் காசில் கம்பி வாங்கி, விடுமுறை நாளில் சுற்றி, இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். எங்கள் கம்பெனியில் வெளித்தொழில் செய்தால் வேலை போய்விடும். வேலை போனால் கட்டிலும் போகும்.)

ஆக, திருடி இல்லை என்று காட்ட அவள் வியாபாரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் இன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும்.

3

ராஜாமணி அக்கா விஷயத்தில் எனக்குச் சந்தேகம். கதைக்குச் சௌகரியமாக அவரைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். அவரோ இப்படிப் பேசுகிறார்:

"போன மாசம் ஒரு காப்பரு ரோலு காணாம பூட்ச்சு. எனுக்குத்தான் மெமோ குட்த்தாங்க. இன்னா பண்ண சொல்ற, சொல்லு?"

குரல் கிட்டத்தட்டக் கெஞ்சுகிறது. பென்னலூரில் அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அடுப்பு எரிய வேண்டும். வில்லி இல்லாமல் கதை எழுதுவது எவ்வளவு தொல்லை பாருங்கள்.

3 (மறுபடியும்)

இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது: பொட்டலத்தின் மறுபக்கத்தில் இருப்பது என் முகவரி.

என் பழைய கிட்டாருக்காக வாங்கியது. "நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் கூரியர் போட்டுருதேன் அண்ணே" என்று நேற்றுச் செய்தி வந்தது. எந்த ஊர், எந்த ஷிஃப்ட் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. சற்று முன் பொட்டலத்தில் அந்த இன்ஸ்டாகிராம் கடையின் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்ததும்தான் விற்றவள் இவள் என்று தெரிந்தது.

நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். ஆலையின் செப்புக்கம்பி முழுவதும் என் பொறுப்பு.

4

முடிவுகள்.

அ. உண்மையைச் சொல்லலாம்: "நான் காசு கொடுத்து வாங்கியது." நான் தப்பிப்பேன். அவள் வேலை போகும்.

ஆ. பொய் சொல்லலாம்: "என் தங்கை ஊரிலிருந்து இந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியது." அவள் தப்பலாம். ஆனால் ஸ்டோர்ஸ்காரன் பெயர், லைன் பெண்ணின் டிபன், உள்ளே செப்பு... விசாரணை என் பக்கம் திரும்பும். எனக்கும் இருப்பது ஒரே வேலைதான்.

இ. வாயைத் திறக்காமல் நின்றுவிட்டால்

(இதை முடிக்கவில்லை. லேபிள் பேசிவிடும்.)

மாரிசெல்வி டிபன் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

5

கதையில் எங்கேயும் என் பெயரை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? எழுதிவிட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் லேபிளில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கிட்டார் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இப்படி வந்து என் இடத்தில் நில்லுங்கள்.

ராஜாமணி அக்கா பொட்டலத்தைத் திருப்புகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். மாரிசெல்வியும் திரும்புகிறாள்.

"இன்னாது, இது உங்க பேராச்சே?"